தகதிமிக்கும் தகிடவுக்கும் நடுவே

“ஒரே அடியா அடிக்குது, பாட்டு எங்கப்பா?”

கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூரிலிருந்து வீரபாண்டி வரைக்கும், திருவிழாவுக்கு டிஜே பாக்ஸ் கட்டிய ராத்திரிகளில் டீக்கடை பெஞ்சில் இந்தக் கேள்வி விழாமல் இருக்காது. கேட்பவர் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர். பதில் சொல்ல வேண்டிய பையன்கள் பாக்ஸுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருப்பார்கள். அதனால் கேள்வி அப்படியே நிற்கும். இன்றைக்கு நான் சொல்லிப் பார்க்கிறேன். டீ சொல்லிவிட்டு உட்காருங்கள், கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

கேள்வி நியாயமானது. அந்த பாக்ஸில் ஓடுவது பெரும்பாலும் சினிமாப் பாட்டின் ரீமிக்ஸ். பாட்டின் சொந்தத் தாளத்தை அமுக்கிவிட்டு அடியில் வேறொரு எலும்புக்கூட்டை வைத்திருப்பார்கள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவின் சிகாகோவில் பிறந்த ஹவுஸ், டெட்ராய்ட்டில் பிறந்த டெக்னோ ஆகிய இரண்டு இசைகளிலிருந்து வந்த எலும்பு அது. வேடிக்கை என்னவென்றால், அந்த இசைகளிலேயே ஊறியவர்களும் இன்றைக்கு இதே குறையைத்தான் சொல்கிறார்கள்: அடி இருக்கிறது, உயிரைக் காணோம். நம் பெஞ்சுப் பெரியவரும் சிகாகோக்காரரும் ஒரே கட்சி. அப்படியானால் அந்த உயிர் முதலில் எங்கே இருந்தது, இப்போது எங்கே போனது என்று பார்த்துவிடுவது நல்லது.

பெஞ்சில் சீராகத் தட்டுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தரம் ‘தகதிமி’ என்று வாய்க்குள் சொல்லுங்கள். ‘த’ விழும் இடத்திலெல்லாம் கிக் டிரம், அதாவது வயிற்றில் வந்து மோதும் அந்த ‘டம்’. இரண்டாவது, நாலாவது தட்டில் அதோடு சேர்ந்து ஒரு கைதட்டல் சத்தம். ‘தி’ விழும் இடத்தில் ‘ட்ஸ்ஸ்’ என்று ஹை-ஹாட் திறந்து மூடும். எலும்பு இவ்வளவுதான். நிமிஷத்துக்கு 118-லிருந்து 128 தட்டுக்குள் நடந்தால் ஹவுஸ். டெக்னோ அதைவிடக் கொஞ்சம் விரைவு, 125-இல் தொடங்கி மேலே போகும்.

இதை முதலில் வாசித்தது மெஷின் என்று நினைத்துவிடாதீர்கள். பிலடெல்ஃபியாவில் ஏர்ல் யங் என்று ஒரு ஸ்டுடியோ டிரம்மர். 1973-இல் ஹெரால்ட் மெல்வின் குழுவின் ‘தி லவ் ஐ லாஸ்ட்’ பாட்டுக்கு அவர் காலால் மிதித்த சீரான அடியும் கையால் திறந்து மூடிய ஹை-ஹாட்டும்தான் டிஸ்கோவுக்கே அஸ்திவாரமானது. 1977-இல் ஜோர்ஜோ மொரோடர், டோனா சம்மரின் குரலை வைத்து ‘ஐ ஃபீல் லவ்’ செய்தார். ஏறக்குறைய எல்லாச் சத்தமும் சின்தசைசர். கிக் டிரம் மட்டும் மெஷினில் மனசுக்குப் பிடித்தமாதிரி வரவில்லை என்று கீத் ஃபோர்ஸி என்ற டிரம்மரை உட்கார வைத்து மிதிக்கச் சொன்னார்கள். எலக்ட்ரானிக் நடன இசையின் ஆதிப்பாட்டு என்று உலகம் கொண்டாடும் பதிவில் அடி போட்டது ஒரு மனிதனின் கால்.

இந்த அடி மட்டுமே இசை ஆகிவிடாது. ஆண்டிப்பட்டிக்குப் பக்கத்தில் சக்கம்பட்டியில் தறியைப் பார்த்திருப்பீர்கள். பாவு விறைப்பாக, நேராக, அசையாமல் நிற்கும். சேலையின் நிறமும் பூவும் ஊடு நூல் குறுக்கே போகும் போக்கில்தான் பிறக்கும். கிக் டிரம் பாவு. ஊடு போடுவது பேஸ், அதாவது கீழ்ஸ்தாயியில் ஓடும் கனத்த சுரவரிசை. நல்ல ஹவுஸில் பேஸ் கிக்கோடு சேர்ந்து விழாது. இரண்டு ‘டம்’முக்கு நடுவில் புகுந்து, நழுவி, கொஞ்சம் தாமதித்துப் பேசும். அதற்கு மேலே ஜாஸ் வாசிப்பவர்கள் போடும் செவன்த், நைன்த் கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள். அதற்கும் மேலே, கறுப்பினத்தாரின் தேவாலயப் பாட்டில் பழுத்த ஒரு குரல். இந்த மூன்றும் கூடி வந்தால் அதை ‘சோல்ஃபுல் ஹவுஸ்’ என்பார்கள்.

இதைப் போனில் கேட்டுவிட்டுக் கணக்குத் தீர்க்கக் கூடாது. கிக்கும் பேஸும் வாழ்வது 40-லிருந்து 100 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில். போன் ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் ஒன்றும் வராது. பழைய மைக் செட் குழாயிலும் அதே கதைதான். பாதி இசை வெளியே வராமலே இருக்க, மீதிப் பாதியைக் கேட்டு ‘சப்பு’ என்கிறோம். இன்னொன்று, பல பதிவுகள் ஏழெட்டு நிமிஷம் நீளும். முதல் ஒரு நிமிஷமும் கடைசி ஒரு நிமிஷமும் வெறும் தாளமாக இருக்கும். ஒரு ரெக்கார்டிலிருந்து அடுத்ததற்கு ஆட்டம் நிற்காமல் தாண்ட டிஜேவுக்கு விட்ட இடம் அது. முதல் நிமிஷத்தோடு நிறுத்திவிட்டால் வாசலைப் பார்த்துவிட்டு வீட்டைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும்.

பிறந்த இடத்தைச் சொல்லாமல் உயிரைச் சொல்ல முடியாது. 1979 ஜூலை 12. சிகாகோவின் ஒரு பேஸ்பால் மைதானத்தில், ஒரு ரேடியோ அறிவிப்பாளர் தலைமையில், டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூடியிருந்த கூட்டம் சுமார் 50,000. டிஸ்கோ யாருடைய இசை? கறுப்பினத்தார், லத்தீன் அமெரிக்கர், தன்பாலின ஈர்ப்பாளர்கள் இவர்களுடையது. வெடித்தது பிளாஸ்டிக் மட்டும்தானா என்று அவர்கள் யோசித்திருப்பார்கள். அதே ஊரில் 1977-இல் திறந்த ‘வேர்ஹவுஸ்’ என்ற நடனக்கூடத்தில் அவர்களைத்தான் ராத்திரி முழுக்க ஆட வைத்துக்கொண்டிருந்தார் ஃபிராங்கி நக்கிள்ஸ். பெரிய கம்பெனிகள் டிஸ்கோவைக் கைவிட்ட பிறகு, பழைய பாட்டுகளை வெட்டி ஒட்டி, டிரம் மெஷினைக் கூடச் சேர்த்து அவர் ஓட்டிய இசைதான் ஹவுஸ். விரட்டப்பட்டவர்களின் கையில் இருந்ததால் இகழப்பட்டு, பிறகு உலகமே ஆடிய தாளம். பறையின் கதை தெரிந்த நமக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

மெஷின்கள் எங்கிருந்து வந்தன? ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1980-இல் டிஆர்-808 என்று ஒரு டிரம் மெஷின் விட்டது. நிஜ டிரம் மாதிரி இல்லை என்று பலர் ஒதுக்கினார்கள். 1983-இலேயே நின்றுவிட்டது. மொத்தம் செய்ததே சுமார் 12,000. கிடார் பயிலுகிறவர்களுக்குத் துணையாக டிபி-303 என்று ஒரு சின்ன பேஸ் பெட்டியும் விட்டது. அதுவும் விற்காமல் 1984-இல் நின்றது. விற்காத சாமான் பழைய கடைக்கு வரும். பழைய கடைக்கு வந்தால் காசில்லாத பையன்கள் கைக்கு வரும். சிகாகோவில் டிஜே பியரும் அவருடைய கூட்டாளிகளும் 303-ஐ வாங்கினார்கள். சுரங்களை ஒழுங்காகப் பதிய வைப்பது சிரமமான பெட்டி அது. அவர்கள் குமிழ்களைத் திருகத் தொடங்கினார்கள். ஒரு குமிழைத் திருகினால் சத்தம் மூடித் திறக்கும், இன்னொன்றைத் திருகினால் கீச்சிட்டு அழும். பதினாறு படிகளில் சுற்றிச் சுற்றி வரும் ஒரே சுரக்கோவை, விரல் திருகத் திருக உருமாறிக்கொண்டே போகிறது. 1987-இல் ‘ஃபியூச்சர்’ என்ற பெயரில் அவர்கள் வெளியிட்ட ‘ஆசிட் டிராக்ஸ்’ அப்படிப் பிறந்ததுதான். ஏறக்குறைய பன்னிரண்டு நிமிஷம் ஓடும். ஒரு சுரம்கூடப் புதிதாக வராது. ஆனால் ஒரு சுற்று வந்தமாதிரி அடுத்த சுற்று வராது. அந்த வித்தியாசம் முழுக்க விரலின் வேலை.

முந்தின வருஷம், 1986-இல், லாரி ஹேர்ட் ‘மிஸ்டர் ஃபிங்கர்ஸ்’ என்ற பெயரில் ‘கேன் யூ ஃபீல் இட்’ வெளியிட்டார். சோல்ஃபுல் ஹவுஸுக்கு இன்றைக்கும் அளவுகோல் அதுதான். ஹேர்ட் அடிப்படையில் டிரம்மர். குச்சி பிடித்த கை மெஷினைத் தொட்டதால் வந்த நிதானம் அதில் கேட்கும். பக்கத்து மாநிலத்தின் கார் தொழிற்சாலை நகரமான டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று பள்ளித் தோழர்கள் டெக்னோவை வளர்த்தார்கள். டெரிக் மே 1987-இல் வெளியிட்ட ‘ஸ்டிரிங்ஸ் ஆஃப் லைஃப்’ பாட்டில் பேஸே கிடையாது. மைக்கேல் ஜேம்ஸ் என்ற நண்பர் மெதுவாக வாசித்து வைத்திருந்த பியானோத் துண்டு ஒன்று அதன் நடுவில் துடிக்கிறது. ‘டெக்னோ என்றால் இயந்திரச் சத்தம்’ என்பவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது அதைத்தான்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். என் அக்கா மகன் மைக் செட் வைத்திருக்கிறான். லேப்டாப்பில் எஃப்எல் ஸ்டுடியோ போட்டு அவனே அடி கட்டுவான். ஒரு நாள் கட்டியதைப் போட்டுக் காட்டினான்.

“எல்லாத்தையும் கரெக்டாத்தான் வெச்சிருக்கேன் மாமா. ஆனா ஏன்னு தெரியல, சப்புன்னு இருக்கு.”

“கரெக்டா வெச்சதுதான் மாப்ள சிக்கல்” என்றேன்.

திரையில் கட்டங்கள். நிமிஷத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டு 500 மில்லி செகண்ட். அதில் த, க, தி, மி நாலுக்கும் ஆளுக்கு 125. அவன் எல்லாவற்றையும் அந்த 125-இல் கச்சிதமாக உட்கார வைத்திருந்தான். அப்பழுக்கில்லாத சதுசிரம், நாலின் நடை. “இப்ப ‘க’வையும் ‘மி’யையும் மட்டும் கொஞ்சம் லேட்டா விழ வை” என்றேன். அதற்கென்றே ‘ஸ்விங்’ என்று ஒரு குமிழ் இருக்கிறது. அவன் அதைத் தொட்டதே இல்லை. கொஞ்சம் திருகினான். ஹை-ஹாட் நடக்க ஆரம்பித்தது. அதுவரை விறைத்து நின்ற அடி இடுப்பை லேசாக ஒடித்த மாதிரி இருந்தது. அவன் தலை தன்னால் ஆடியது.

இந்தக் குமிழை டிரம் மெஷினுக்குள் கொண்டு வந்தவர் ராஜர் லின். 1988-இல் அவர் வடிவமைத்து அக்காய் கம்பெனி வெளியிட்ட எம்பிசி-60 பெட்டியில் அது சதவீதக் கணக்கில் இருந்தது. ‘தக’ இரண்டும் சேர்ந்து 250 மில்லி செகண்ட். 50 சதவீதம் வைத்தால் 125, 125 என்று சரிபாதி. 54 வைத்தால் 135, 115. ‘க’ வெறும் பத்து மில்லி செகண்ட் தாமதிக்கிறது. காதுக்குத் தனியாகத் தெரியாது, காலுக்குத் தெரியும். 58 வைத்தால் இன்னும் சாய்கிறது. ஏற்றிக்கொண்டே போய் 66-ஐத் தாண்டும் இடத்தில் என்ன ஆகிறது? முதல் பங்கு இரண்டு, இரண்டாம் பங்கு ஒன்று. அதாவது ‘தகிட’வில் நடு எழுத்தை விழுங்கிய மாதிரி. அது திஸ்ரம், மூன்றின் நடை.

நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. சதுசிரம் ஒரு கரை, திஸ்ரம் மறு கரை. ஹவுஸின் உயிர் இரண்டு கரைக்கும் நடுவில் எங்கோ ஓடுகிறது. எந்த இடத்தில் என்று மெஷின் சொல்லாது. பாட்டுக்குப் பாட்டு ஒரு மனிதன் காதால் கேட்டு, “இங்க, இங்கதான்” என்று நிறுத்த வேண்டும். அவன் நிறுத்திய இடத்தில் உயிர் இருக்கும். நிறுத்தாமல், பெட்டியில் வந்தது வந்தபடி விட்டால் இருக்காது.

நம் பெரியவர்களுக்கு ஏன் உறுத்துகிறது என்பதும் இப்போது விளங்கும். நம் பக்கத்துக் கும்மி, தப்பாட்டத்தின் பல அடிகள், நையாண்டி மேளத்தின் ஆட்டத் தாளங்கள் இவற்றில் மூன்றின் நடை நிறைய. நாகசுரம், தவில், பம்பை, தமுக்கு என்று எல்லாம் சேர்ந்து ஏறும்போது, கையால் அடிக்கிற அந்தத் தாளம் நாலுக்கும் மூன்றுக்கும் இடையில் சாய்ந்தும் நிமிர்ந்தும் போகும். கரகக்காரர் சுழலச் சுழல மேளம் அவரைப் பார்த்து வேகம் கூட்டும், குறைக்கும். அந்த வளைவில் வளர்ந்த உடம்புக்கு முன்னால் மொட்டையாக ஒரு நாலைக் கொண்டுவந்து நிறுத்தினால் “பாட்டு எங்கப்பா” என்றுதான் கேட்கும்.

மெஷினில் உயிர் வைப்பதற்கு உதாரணம் தேடிச் சிகாகோவுக்குப் போக வேண்டியதில்லை. உத்தமபாளையம் தாலுகாவின் பண்ணைப்புரத்திலிருந்தே ஒருவர் வந்திருக்கிறார். அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். 1958-இல் மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களிடம் அவருடைய பாட்டு எடுபட்ட கதை இன்றும் பேசப்படுகிறது. அந்தக் குழுவில் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகச் சுற்றிய தம்பி, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, 1976-இல் ‘அன்னக்கிளி’யில் இளையராஜா ஆனார். 1986-இல் ‘விக்ரம்’, ‘புன்னகை மன்னன்’ படங்களுக்குக் கம்ப்யூட்டரும் சீக்வென்சரும் கொண்டு இசை பதிந்தார். இந்திய சினிமாவில் அதற்கு முன்னோடி அவர்தான். வருஷத்தைக் கவனியுங்கள். லாரி ஹேர்டின் ‘கேன் யூ ஃபீல் இட்’ வந்த அதே 1986. ஒருவரை ஒருவர் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் கருவிகளை ஒன்றோடொன்று பேச வைக்கும் ‘மிடி’ என்ற ஏற்பாடு 1983-இல் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வந்திருந்தது.

‘புன்னகை மன்னன்’ தீம் இசையை இன்றைக்கு நல்ல ஹெட்போனில் கேளுங்கள். அடியில் மெஷினின் பிசகாத கணக்கு. அதன் மேல் ஓடும் மெலடியும், கீழே பேஸ் நகர்ந்து போகும் விதமும் அந்தக் கணக்கை மறக்கடித்துவிடும். இளையராஜாவின் பேஸ் பெரும்பாலும் சும்மா மூலசுரத்தைத் தொட்டுவிட்டு நிற்பதில்லை; தானே ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகும். ‘ஜானி’, ‘பயணங்கள் முடிவதில்லை’ காலத்துப் பதிவுகளில் பாடகரை மறந்துவிட்டு பேஸ் கிடாரை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். சோல்ஃபுல் ஹவுஸை ரசிக்க வேண்டிய காதுப் பயிற்சி நமக்குப் பல வருஷம் முன்பே வீட்டு ரேடியோவில் கிடைத்துவிட்டது என்பது தெரியும்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். பம்பாயின் சினிமா இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங், 1982-இல் ஜூபிடர்-8 சின்தசைசர், டிபி-303, டிஆர்-808 மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் ஆல்பம் வெளியிட்டார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010-இல் நெதர்லாந்திலிருந்து மறுபதிப்பு வந்தபோது உலகம் திகைத்தது; கேட்டால் ‘ஆசிட் டிராக்ஸ்’ வழியில் வந்த ஆசிட் ஹவுஸ் அப்படியே! சிகாகோவுக்கு ஐந்து வருஷம் முந்தியது. உடனே ‘கண்டுபிடித்தது நாங்கள்தான்’ என்று கிளம்ப வேண்டாம். சிகாகோப் பையன்கள் அவரைக் கேட்டதில்லை, ஹவுஸ் அவரிடமிருந்து பிறக்கவில்லை. அவர் ஹவுஸ் செய்ய நினைக்கவும் இல்லை. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி 303-இல் இருந்தது. ராகத்துக்கு அது தேவைப்பட்டது. தன் இசைக்கு எது வேண்டும் என்று தெரிந்தவர் பெட்டியைத் தன் பக்கம் வளைத்தார், அவ்வளவுதான். 2015-இல் காலமாகும் முன் ஐரோப்பிய மேடைகளில் வாசித்துக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போனார் என்பது ஆறுதல்.

சரி, இன்றைய நிலைமை. இரண்டாவது டீ சொல்லிக்கொள்ளலாம்.

முதலில் மரியாதைகள். வேர்ஹவுஸ் இருந்த கட்டடத்தை 2023-இல் சிகாகோ நகரம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கியது. 2024 மார்ச்சில் ஜெர்மனி, பெர்லினின் டெக்னோப் பண்பாட்டைத் தன் கலாச்சார மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2022-இல் பியான்சே முழு ஆல்பத்தையே ஹவுஸின் மடியில் வைத்துச் செய்து அடுத்த ஆண்டு கிராமி வாங்கினார். சந்தோஷம்தான். ஆனால் பட்டயம் கொடுப்பதும் கதவு மூடுவதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. பெர்லினின் பேர்பெற்ற ‘வாட்டர்கேட்’ கிளப் 2024 கடைசி நாளோடு மூடப்பட்டது. சின்ன கூடங்கள் வாடகை தாங்காமல் போகப் போக, ஒரே கூட்டத்துக்கு வாராவாரம் வாசித்து, அவர்கள் கால் அசைவதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் பள்ளிக்கூடம் போகிறது. பெரிய திருவிழா மேடையில் ஒரு மணி நேரம் கிடைக்கும். அதற்குள் எல்லாவற்றையும் கொட்டியாக வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு டெக்னோ 150-ஐத் தொட்டு ஓடுவதற்கு இந்த அவசரமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அந்த வேகத்தில் ‘க’வுக்கு நிற்க இடம் ஏது?

இரண்டாவது, ஆயத்தச் சரக்கு. அடி, பேஸ், குரல் எல்லாம் துண்டு துண்டாக மாதச் சந்தாவில் கிடைக்கிறது. இழுத்துப் போட்டால் அரை மணியில் பாட்டு. ஆயிரம் பேர் ஒரே துண்டை இழுத்தால் ஆயிரம் பாட்டும் ஒரே முகமாக வரும். இப்போது அந்த அரை மணிகூடத் தேவையில்லை. 2025 ஏப்ரலில் பிரான்சின் ‘டீசர்’ இசைத் தளம் சொன்ன கணக்குப்படி, தினமும் தன்னிடம் வந்து சேரும் பதிவுகளில் சுமார் 18 சதவீதம், அதாவது 20,000-க்கு மேல், முழுக்க செயற்கை நுண்ணறிவு செய்தவை. ஸ்பாட்டிஃபை 2024 முதல் வருஷத்தில் ஆயிரம் தடவைகூடக் கேட்கப்படாத பதிவுக்குக் காசு தருவதில்லை. மலைபோல் குவியும் சரக்கில், பத்து மில்லி செகண்டுக்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்தவனின் பாட்டு அடியில் புதைந்துபோகிறது. ‘இந்த இசை செத்துவிட்டது’ என்ற பேச்சுக்குக் காரணம் இந்த மேல் குப்பைதான்.

குப்பையை விலக்கினால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. நியூஜெர்சிக்காரர் கெர்ரி சாண்ட்லர் 2022-இல் ‘ஸ்பேசஸ் அண்ட் பிளேசஸ்’ வெளியிட்டார். உலகத்தின் பல கிளப்புகளுக்குள் போய், அந்தந்தக் கூடத்தின் ஒலிக்குத் தக்கபடி அங்கேயே வைத்துச் செய்த பாட்டுகள். அதே வருஷம் சிகாகோவின் ரான் டிரென்ட் கிடாரும் கீபோர்டும் ஆட்கள் வாசிக்க ஒரு நிதானமான ஆல்பம் தந்தார். டெட்ராய்ட்டின் ஜெஃப் மில்ஸ், நைஜீரிய டிரம் மேதை டோனி ஆலனோடு 2018-இல் சேர்ந்தார். ஆலன் மறைந்த பின் அந்தக் குழுவில் தபலா வாசிப்பவர் பிரபு எடுவார். 909 டிரம் மெஷினும் தபலாவும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் அவர்களுடைய பதிவு 2023-இல் வந்தது. மெஷினில் வாழ்நாளைக் கழித்தவர் எதற்குக் கைத்தாளக்காரரைத் தேடிப் போகிறார் என்று யோசியுங்கள்.

இன்றைக்கு இந்த இசை செழித்து நிற்கும் மண் தென்னாப்பிரிக்கா. அங்கே வளர்ந்த பிளாக் காஃபி, 1990-இல் மண்டேலா விடுதலைக் கொண்டாட்டத்தில் நேர்ந்த விபத்தில் இடது கையின் இயக்கத்தை இழந்தவர்; ஒற்றைக் கையால் டிஜே செய்து 2022-இல் கிராமி வாங்கினார். அவருக்கு அடுத்த தலைமுறை ‘அமபியானோ’ என்று ஒன்றைக் கிளப்பியிருக்கிறது. வேகம் 112 பக்கம். துணிச்சல் என்னவென்றால், பல பாட்டுகளில் நாலு தட்டிலும் விழும் அந்தக் கிக்கையே தூக்கிவிட்டார்கள். மிச்சம் இருப்பது சாய்ந்து நடக்கும் குலுக்கல் சத்தமும், மரத்தில் அடித்த மாதிரி விழுகிற பேஸும், நிறைய இடைவெளியும். எலும்பை எடுத்த பிறகும் உடம்பு ஆடுகிறது. உயிர் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட நிரூபணம் வேண்டுமா?

தமிழர்கள் இந்தப் பந்தியில் இல்லாமல் இல்லை. ஈழத்துப் பெற்றோரின் மகளான எம்.ஐ.ஏ. 2007-இல் வெளியிட்ட ‘காலா’ ஆல்பத்துக்காகச் சென்னைக்கு வந்து உறுமி மேளத்தைப் பதிந்தார். கூட வேலை செய்தவர் ‘ஸ்விட்ச்’ என்ற ஆங்கிலேய ஹவுஸ் தயாரிப்பாளர். சுவிட்சர்லாந்தில் வளர்ந்த பிரியா ராகு, 2023-இல் ‘சந்தோசம்’ என்றே பெயர் வைத்துத் தமிழ் வாசனையோடு சோல் ஆல்பம் தந்தார். உறுமியைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். ஒரு பக்கம் அடி. மறு பக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்கும்போது ‘ம்ம்ம்’ என்று கீழிருந்து மேலே வழுக்கும் முனகல். 303-ன் குமிழைத் திருகினால் வரும் அழுகைக்கு நெருங்கிய சொந்தம் அது. டிஜே பியர் பெட்டியில் தேடிக் கண்டதை நம் ஊர் உறுமிக்காரர் தோலில் வைத்திருக்கிறார்.

ஆகவே நம் பள்ளத்தாக்கில் லேப்டாப்பும் பேஸ் பாக்ஸும் வைத்திருக்கிற தம்பிகளுக்குச் சொல்வது இதுதான். அடுத்த திருவிழாவுக்கு இணையத்திலிருந்து அடி இறக்குவதற்கு முன்னால், ஊர் மேளக்காரரிடம் சம்மதமும் கேட்டு, உரிய சம்பளமும் கொடுத்து, பத்து நிமிஷம் உறுமியையும் தப்பையும் பதிந்துகொள்ளுங்கள். பதிந்ததைத் திரையில் விரித்தால் எந்த அடியும் கட்டத்தில் கச்சிதமாக உட்காராது. ‘குவான்டைஸ்’ பட்டனை அழுத்தி அதை நேராக்கிவிடாதீர்கள். உங்கள் கிக்கையும் ஹை-ஹாட்டையும் அதன் சாய்வுக்கு நகர்த்துங்கள். ரீமிக்ஸ் செய்யும்போது பாட்டின் பேஸை அமுக்காமல் அதற்கு வழிவிட்டு அடி போடுங்கள். ஒரே பாட்டை இரண்டு நிமிஷத்தில் வெட்டாமல் ஏழு நிமிஷம் ஓட விட்டு, கூட்டத்தின் காலைப் பாருங்கள்.

கேட்பவர்களுக்கும் ஒன்று. பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. மோசமான அடி நிறையவே ஓடுகிறது. ஆனால் மெஷின் என்பதால் உயிரில்லை என்ற தீர்ப்பு செல்லாது. பண்ணைப்புரத்துக்காரர் அதை 1986-இலேயே ரத்து செய்துவிட்டார். ஸ்விங் குமிழைப் பூஜ்யத்தில் விட்டுவிட்டுப் போனவன் எவனோ, அவனைப் பிடித்துக் கேளுங்கள்.